பத்து உரிமம், நாற்பது பேர்

நம் சங்கத்துக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவராவது கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். ஊரிலிருந்து வரும் பெரியவர்கள், "அங்கே என்னதான்பா செய்யறே?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். என் வேலையைச் சொல்வது சுலபம். நான் கணக்குப்பிள்ளை. பணத்துக்கு அல்ல, மென்பொருள் உரிமங்களுக்கு. பெங்களூரில் சிலிக்கான் சில்லுகளை வடிவமைக்கும் அலுவலகம் ஒன்றில், எந்த மென்பொருள் யார் கையில், எவ்வளவு நேரமாக இருக்கிறது என்று பார்ப்பது என் பொறுப்பு.

வாடகை சைக்கிள் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். கடையில் பத்து சைக்கிள், தெருவில் நாற்பது பையன்கள். கடைக்காரர் நோட்டில் பெயரையும் எடுத்த நேரத்தையும் எழுதுவார். வண்டி திரும்பியதும் அடித்துவிடுவார். நாற்பது பேரும் ஒரே சமயத்தில் ஓட்டப்போவதில்லை என்பதால் பத்து வண்டி போதும். கடிதம் அடிக்கும் மென்பொருளைக் கம்ப்யூட்டருக்கு ஒன்றாக வாங்கிவிடலாம். சில்லு வடிவமைக்கும் மென்பொருள் அப்படியல்ல. சிலவற்றில் ஓர் உரிமத்துக்கே ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். ஆகவே பத்து உரிமம் வாங்கி, வலைப்பின்னல் வழியாக நாற்பது பேர் மாறி மாறிப் பயன்படுத்துகிறார்கள். இதற்கு மிதக்கும் உரிமம் என்று பெயர்.

பெங்களூருக்கு இந்தத் தொழில் வந்த கதை தெரிந்ததுதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனம் 1985இல் இங்கே சில்லு வடிவமைப்பு மையம் தொடங்கியது. மில்லர்ஸ் ரோட்டில் சோனா டவர்ஸ் கட்டடத்தில் இருந்துகொண்டு, செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவோடு பேசினார்கள். அதற்கு மூன்று ஆண்டு கழித்து, 1988இல், அமெரிக்காவில் 'ஃபிளெக்ஸ் எல்எம்' என்ற உரிமக் காவலன் பிறந்தது. கைமாறிக் கைமாறி இன்று 'ஃபிளெக்ஸ்நெட்' என்ற பெயரில் இருக்கிறது. கேடன்ஸ், சினாப்சிஸ் போன்ற சில்லு மென்பொருள்களும், கல்லூரிப் பிள்ளைகளுக்குத் தெரிந்த மேட்லாபும் இதைத்தான் நம்பியிருக்கின்றன.

அது வேலை செய்யும் விதம் இதுதான். ஒரு சர்வரில் சாதாரண எழுத்துக் கோப்பு ஒன்று இருக்கும். எந்த மென்பொருள், எத்தனை உரிமம், எந்தத் தேதி வரை என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கோப்பு அந்த சர்வரின் அடையாள எண்ணோடு பிணைக்கப்பட்டது; வேறு கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோனால் செல்லாது. பத்தை இருபதாகத் திருத்தினாலும் முத்திரை உடைந்து செல்லாததாகிவிடும். பொறியாளர் மென்பொருளைத் திறந்ததும் அது சர்வரிடம் "ஒன்று இருக்கிறதா?" என்று கேட்கும். இருந்தால் ஒன்று கழியும். மூடினால் திரும்பச் சேரும். நடுவில் அவ்வப்போது இரண்டும் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளும். கரண்ட் போய் ஒரு கம்ப்யூட்டர் அணைந்துவிட்டால், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு சர்வர் உரிமத்தை மீட்டுக்கொள்ளும்.

இனி நோட்டுக்கு வருவோம். சைக்கிள் கடைக்காரர் நோட்டில் எடுத்தவர் பெயர் இருக்கும். வண்டி இல்லாமல் திரும்பிப்போன பையன் பெயர் இருக்காது. எங்கள் நோட்டில் அதுவும் பதிவாகிறது. 'அவுட்', 'இன்', 'டினைட்' என்று மூன்று வகை வரிகள். எடுத்தது, திருப்பியது, இல்லையென்று சொன்னது. என் அனுபவத்தில் மூன்றாவது வரிக்குத்தான் மதிப்பு அதிகம். பத்தும் வெளியே போயிருந்தன என்பதால் மட்டும் பற்றாக்குறை என்று ஆகாது. பதினோராவது ஆள் யாரும் வரவில்லையென்றால் பத்து போதுமானதே.

அந்த வரிகளையும் அப்படியே எண்ணிவிடக்கூடாது. உரிமம் கிடைக்காத ஒருவர், நிமிஷத்துக்கு ஒருமுறை தானாக முயலும்படி கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். திரும்பி வருவதற்குள் நோட்டில் அறுபது வரி ஏறியிருக்கும். திரும்பிப்போனவர் என்னவோ ஒருவர்தான். ஆகவே வரியை எண்ணாமல் ஆளை எண்ண வேண்டும். அவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்றும் பார்க்க வேண்டும். விற்பனைக்கு வருபவர்கள் மொத்த வரிகளைக் காட்டி "சார், இன்னும் ஐந்து வாங்குங்கள்" என்பார்கள். அது அவர்கள் பிழைப்பு.

எடுத்துவிட்டுச் சும்மா வைத்திருப்பது இன்னொரு தொல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னலைத் திறந்தபடியே விட்டுவிட்டு சேலம் பஸ் ஏறிவிடுவார் ஒருவர். திங்கட்கிழமை வரை அந்த உரிமம் யாருக்கும் இல்லை. இத்தனை நிமிஷம் சும்மா இருந்தால் பிடுங்கிக்கொள் என்று சர்வருக்குச் சொல்லி வைக்கலாம். ஆனால் மென்பொருளை எழுதியவர்கள் அதற்கு வழி வைத்திருந்தால்தான் நடக்கும். கையால் பிடுங்கவும் கட்டளை உண்டு. சேமிக்காத வேலை போய்விடலாம் என்பதால் நான் முதலில் போன் செய்துதான் கேட்பேன். சில பிரிவுகள் தங்களுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்வதும் உண்டு. விருந்தாளிக்கென்று பரணில் ஏற்றிய பாத்திரம் போல, அவர்களும் எடுக்காமல் அடுத்தவருக்கும் கிடைக்காமல் கிடக்கும்.

நமக்குப் பகல் என்றால் கலிஃபோர்னியாவில் இரவு. வித்தியாசம் கோடையில் பன்னிரண்டரை மணி, குளிர்காலத்தில் பதின்மூன்றரை. அவர்கள் தூங்கும்போது அவர்கள் உரிமத்தை நாம் எடுக்கலாமே என்று தோன்றும். ஒப்பந்தம் அனுமதித்தால் எடுக்கலாம். ஓர் அலுவலகத்துக்கு மட்டும் என்று விலை குறைத்துக் கொடுத்த உரிமத்தை, சர்வர் தடுக்கவில்லை என்பதற்காகக் கடல் தாண்டிப் பயன்படுத்துவது மீறல்தான். நம் நாட்டில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் கம்ப்யூட்டர் நிரல்கள் 1984இல் கொண்டுவரப்பட்டன. திருட்டுப் பிரதி என்று தெரிந்தே ஒரு நிரலைப் பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்ற பிரிவு 1994 திருத்தத்தில் வந்தது.

இவ்வளவும் பொருள் கணக்கு. ஆனால் அந்த நோட்டில் ஆள் பெயரும், கம்ப்யூட்டர் பெயரும், நேரமும் இருக்கின்றன என்பதைக் கவனித்தீர்களா? ஒரு மேலாளரும் கவனித்தார். "ஒவ்வொருவரும் மாதம் எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள் என்று இதிலிருந்து எடுத்துக் கொடுங்கள், சம்பள உயர்வுக்கு உதவும்" என்றார். நான் முடியாது என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு நாள் காகிதத்தில் யோசித்து, ஒரு மணி நேரம் மென்பொருளை ஓட்டி வேலையை முடிக்கும் பெண் அந்தப் பட்டியலில் கடைசியில் இருப்பாள். ஜன்னலைத் திறந்துபோட்டு டீ குடிக்கப் போனவர் முதலிடத்தில் நிற்பார். உரிமம் எவ்வளவு நேரம் வெளியே இருந்தது என்று நோட்டுக்குத் தெரியும். மூளை எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது என்று அதற்குத் தெரியாது.

கொஞ்சம் முணுமுணுப்புக்குப் பிறகு ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அறிக்கை பிரிவுவாரியாக மட்டும் போகும். சிக்கிக்கிடக்கும் உரிமத்தை விடுவிக்க மட்டும் பெயரைப் பார்ப்போம். மூன்று மாதம் கழிந்த நோட்டில் பெயர்களை அழித்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் வைத்திருப்போம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இத்தகைய அலுவலகங்களில் இருந்தால், அங்கே இந்த நோட்டு எத்தனை நாள் இருக்கும், யார் பார்க்கலாம் என்று ஒருமுறை கேட்டு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை.

எங்கள் அலுவலகத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் மாதத்தில் அந்த எண்ணிக்கைகளைப் பிரிவுத் தலைவர்கள் முன் விரித்து வைப்பேன். யாரும் திரும்பிப்போகாத மென்பொருளில் ஒன்றைக் குறைத்து, அந்தப் பணத்தைத் தினமும் ஆட்கள் காத்திருந்த மென்பொருளுக்கு மாற்றச் சொல்வேன். குறைத்த பிரிவுக்காரர் மறுநாள் என்னோடு காபி குடிக்க வரமாட்டார்.