ஒட்டுவேலை – 14: ஜப்பானில் ஒரு பங்காளி

கதை எங்கே நின்றது என்று கேட்பவர்களுக்கு இரண்டே வரி. 1489 சிசி பெட்ரோல் எஞ்சினோடு ஒரு பழைய மார்க் 2 அம்பாசடர்; அதற்குப் பொருத்துவதற்காக உக்கடம் பழைய இரும்புக் கடையில் எடுத்த, 1800 ஐ.எஸ்.இசட். அம்பாசடரின் ஐந்து கியர் இசுசு பெட்டி. மீதியைப் பழைய இதழ்களில் பார்த்துக்கொள்ளுங்கள். கியர் லீவருக்குத் தரையில் எங்கே ஓட்டை போடுவது என்பதை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். நடுவில் டொனால்ட் ஸ்டோன் என்று ஒரு அமெரிக்கர் வந்து உட்கார்ந்துவிட்டார், எழுந்து போக மாட்டேன் என்கிறார்.

அவரை அழைத்து வந்தது எங்கள் லேத் அண்ணன். எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் வரும் அடாப்டர் பிளேட்டுக்கு அலுமினியக் கட்டியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர், "ஏனுங்க, எதுக்கு இந்த இசுசுகூட மல்லுக்கட்டறீங்க? நிசான் பெட்டி ஒண்ணு தேடுங்க. நிசானும் அம்பாசடரும் ஒரே ரத்தமுங்க" என்றார். பட்டறைகளில் இப்படிப் பல புராணங்கள் உலவும். பிரீமியர் 118 என்.இ. காரில் இருப்பது நிசானின் ஏ12 எஞ்சின், 1171 சிசி. அதுவும் அம்பாசடர் எஞ்சினும் ஒன்று என்பது அவர் கேள்விப்பட்ட கதை. அது சரியில்லை. அந்த ஏ வரிசை 1966-இல் சன்னி காருக்காக வந்த தனிக் குடும்பம். ஆனால் புராணத்துக்குள் ஒரு வரலாறு ஒளிந்திருக்கிறது. அதைத் தோண்டியதில்தான் என் வாரம் போயிற்று.

1952-இல் நிசான், இங்கிலாந்தின் ஆஸ்டின் கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. ஆஸ்டின் கார்களைப் பாகங்களாக வரவழைத்து ஜப்பானில் கோர்ப்பது, போகப் போக எல்லாப் பாகங்களையும் அங்கேயே செய்துகொள்வது. முதலில் ஏ40 சாமர்செட், பிறகு ஏ50 கேம்பிரிட்ஜ். அந்த ஏ50-இன் எஞ்சின் எது தெரியுமா? ஆஸ்டினும் மோரிஸும் சேர்ந்த பி.எம்.சி.யின் பி வரிசை, 1489 சிசி. சிலிண்டர் விட்டம் 73 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக் 88.9 மி.மீ. நம் ஊரில் உத்தர்பாராவில் மோரிஸ் ஆக்ஸ்போர்டை அம்பாசடர் ஆக்கினார்களே, அதற்குள் பின்னர் உட்கார்ந்ததும் இதே 1489. இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் 1955-இல் வெளிவந்ததும் இதே 1489-ஐ வைத்துக்கொண்டுதான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்ற வெள்ளை வண்டிக்கும் அந்தச் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கும் பாட்டன் ஒருவரே. பங்காளிகள்.

ஜப்பான் பங்காளியின் கதைதான் சுவாரசியம். நிசானுக்குச் சொந்தமாக ஒரு லிட்டர் அளவில் சின்ன எஞ்சின் ஒன்று தேவைப்பட்டது. வில்லிஸ் ஓவர்லேண்டில் வேலை பார்த்திருந்த டொனால்ட் ஸ்டோனை ஆலோசகராக வைத்திருந்தார்கள். வில்லிஸ் என்றால் ஜீப் செய்தவர்கள். புதிதாக வரைந்து, புது மெஷின் வாங்கி, கோடி கோடியாய்க் கொட்ட வேண்டாம் என்றார் அவர். ஆஸ்டின் எஞ்சினுக்கான மெஷின்கள் கையில் இருக்கின்றன. சிலிண்டர் விட்டத்தைத் தொடாதே, ஸ்ட்ரோக்கை மட்டும் குறை. 88.9 மி.மீ. 59 மி.மீ. ஆயிற்று. 1489 சிசி 988 சிசி ஆயிற்று. 1957-இல் நிசானின் டட்சன் 210 காரில் அது ஓடியது. இன்றைக்கும் அதை 'ஸ்டோன் எஞ்சின்' என்று சொல்பவர்கள் உண்டு. பிறகு ஸ்ட்ரோக்கை 71 மி.மீ.க்கு ஏற்றி 1189 சிசி ஆக்கினார்கள், அதே 73 மி.மீ. விட்டத்தோடு. ஒரே சட்டையைப் பிள்ளைக்குப் பிள்ளை பிடித்துப் பிடித்துத் தைப்பது போல.

அந்த 988 சிசி வண்டி இரண்டை 1958-இல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார்கள், மொபில்காஸ் டிரயல் என்ற போட்டிக்கு. கண்டத்தைச் சுற்றிச் சுமார் 16,000 கிலோமீட்டர். ரோடு என்று பெயர், பாதி மண்ணும் கல்லும்தான். ஒரு வண்டிக்கு ஃபூஜி என்று பெயர், இன்னொன்று சகுரா. ஃபூஜி தன் பிரிவில் முதலாவது வந்தது. அணியைக் கூட்டிப் போன யுடாகா கட்டாயாமாதான் பின்னாளில் அமெரிக்காவில் டட்சனை நிலைநிறுத்தி, 'இசட்' காரின் தந்தை என்று பேர் வாங்கியவர். நம் அம்பாசடர் எஞ்சினின் ஸ்ட்ரோக்கை 30 மி.மீ. வெட்டினால் ஆஸ்திரேலியாவைச் சுற்றி வரும் என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது என்றால், இதுவரை படித்ததெல்லாம் என்ன படிப்பு?

லேத் அண்ணனிடம் இதைச் சொன்னேன். அவர் அசரவில்லை. "அதாங்க நான் சொன்னேன். அப்ப நிசான் பெட்டி சேரும்ல?" சேராது. இங்கேதான் பங்காளி உறவின் லட்சணம் தெரிகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் எம்.ஜி. மிட்ஜெட், ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் வைத்திருக்கும் பழைய கார்ப் பைத்தியங்கள் டட்சன் 210-இன் ஐந்து கியர் பெட்டியைப் பொருத்துகிறார்கள். (இது எழுபதுகளின் கடைசியில் வந்த வேறு 210; கம்பெனிக்கு எண் பஞ்சம் போலிருக்கிறது.) அங்கேயும் நடுவில் ஓர் அடாப்டர் இல்லாமல் முடியாது. எஞ்சினுக்குள் பாட்டன் முகம் தெரியலாம். பின்பக்கத்துப் போல்ட் ஓட்டைகளை அவரவர் இஷ்டத்துக்குத் துளைத்திருக்கிறார்கள். எப்படியும் நடுவில் தட்டு போடத்தான் வேண்டுமென்றால், கையில் இருக்கும் இசுசுவே போதும்.

ஆனாலும் ஸ்டோனை நான் சும்மா இழுத்து வரவில்லை. எங்கள் தலைவலியும் அவர் வெட்டிய அந்த ஸ்ட்ரோக்தான். அம்பாசடரின் நாலாவது கியர் நேர் கியர்: எஞ்சின் ஒரு சுற்று, புரொப்பெல்லர் ஷாஃப்ட் ஒரு சுற்று. பின் ஆக்சில் விகிதம் 4.55 என்றும், சக்கரம் ஒரு சுற்றுக்கு 2 மீட்டர் போகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 3,030 சுற்று சுற்ற வேண்டும். 88.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 9 மீட்டர். அதே சுற்றில் ஸ்டோனின் எஞ்சினாக இருந்தால் 6 மீட்டர்தான். நான் கிராங்க் ஷாஃப்ட்டை வெட்டப் போவதில்லை. ஆனால் 0.85 என்று ஓர் ஐந்தாவது கியர் கிடைத்தால் சுற்று 2,580-க்கு இறங்கும், பிஸ்டன் 7.6 மீட்டருக்கு இறங்கும். ஸ்டோன் எஞ்சினுக்குள் செய்ததில் பாதியை நான் அதன் வாலில் செய்கிறேன். பாலக்காட்டு ரோட்டில் ஒரு மணி நேரம் ஓட்டினால் காது வித்தியாசம் சொல்லும். ஏற்றத்தில் ஐந்தாவது இழுக்காது, அதில் சந்தேகமே வேண்டாம். ஏற்றத்துக்கு நாலாவது இருக்கிறது.

சரி, தட்டு. பலர் நினைப்பது, இரண்டு பக்கத்துப் போல்ட் ஓட்டைகளும் ஒரே தட்டில் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று. போல்ட் ஓட்டை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்கும்; அதை நம்பி நடுவைப் பிடிக்க முடியாது. போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது. இடம் சொல்வது டோவல் பின். எஞ்சினின் கிராங்கும் கியர் பெட்டியின் இன்புட் ஷாஃப்ட்டும் ஒரே கோட்டில் சுற்ற வேண்டும், அவ்வளவுதான் இந்த முழு வித்தையும். மற்றதெல்லாம் கூலி வேலை.

அந்தக் கோட்டைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. ஃபிளைவீலில் டயல் கேஜை நிறுத்தி, அதன் முள்ளைத் தட்டின் நடுத் துளைச் சுவரில் தொடவிட்டு, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்ற வேண்டும். கேஜ் காட்டும் மொத்த ஆட்டத்தில் பாதிதான் உண்மையான விலகல். முள் 10 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) ஆடினால் நடு 5 தௌ தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். மொத்த ஆட்டம் 5 தௌவுக்குள், அதாவது 0.127 மி.மீ.க்குள் நிற்க வேண்டும் என்பது கியர் பெட்டிக்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. போல்ட்டை லேசாக முடுக்கி, பிளாஸ்டிக் சுத்தியால் தட்டைத் தட்டி நகர்த்தி, திரும்பச் சுற்றி, திரும்பத் தட்டி... முள் அடங்கிய பிறகு முழுதாக இறுக்கி, தட்டையும் எஞ்சின் பின் பிளேட்டையும் சேர்த்துத் துளைத்து, ரீமர் விட்டு டோவல் அடித்துவிட்டால், அப்புறம் எத்தனை தடவை கழற்றினாலும் அதே இடத்துக்கு வரும். பெட்டிக்கும் தட்டுக்கும் நடுவிலும் இதே பூஜை.

இதைச் செய்யாமல் கண் மதிப்பில் மாட்டியவர்களின் வண்டியை எப்படி அடையாளம் காண்பது? ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் நழுவி நியூட்ரலுக்கு வரும். இன்புட் பேரிங் அலறும். கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் விரிசல் விடும். "பெட்டி மோசமுங்க" என்று பழி பெட்டி மேல் விழும்.

கிளட்ச் பிளேட்டும் கலப்புக் கல்யாணம்தான். வெளிவட்டம் எஞ்சின் பக்கத்து ஃபிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் பொருந்த வேண்டும். நடுவில் இருக்கும் ஸ்ப்லைன் பற்கள் பெட்டியின் ஷாஃப்ட்டுக்குப் பொருந்த வேண்டும். அம்பாசடர் பிளேட்டின் ஹப்பைக் கழற்றி, இசுசு ஹப்பை வைத்து ரிவெட் அடித்துத் தரும் ஆட்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். வாங்கியதும் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: ஹப்பில் இருக்கும் ஸ்பிரிங்குகள் ஃபிளைவீல் போல்ட் தலைகளை உரசக் கூடாது. உரசினால் பெட்டியைத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.

கடைசித் தொல்லை, நாங்களே வரவழைத்தது. 20 மி.மீ. தட்டு நடுவில் புகுந்ததால் பெட்டி அந்த அளவு பின்னால் போய்விடுகிறது. இன்புட் ஷாஃப்ட்டின் மூக்கு கிராங்கின் முனையில் இருக்கும் பைலட் புஷ்ஷில் உட்கார வேண்டும், இப்போது எட்டாது. கன்மெட்டலில் காலர் வைத்த நீள புஷ் ஒன்றைக் கடைந்து, மூக்கு இருக்கும் இடத்துக்கே புஷ்ஷைக் கொண்டுபோக வேண்டும். லேத் அண்ணன் அதைக் கடைந்து முடித்து, என்னைப் பார்த்து, "ஸ்டோன் துரை இருந்தா இதுக்கு என்ன சொல்லியிருப்பாரு?" என்று கேட்டார். புது மெஷின் வாங்காதே என்றுதான் சொல்லியிருப்பார்.

பக்கம் முடிகிறது என்று ஆசிரியர் குழுவிலிருந்து போன் வந்துவிட்டது. தரை ஓட்டை, புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை எவ்வளவு குட்டையாக்குவது, பொய் சொல்லப்போகும் ஸ்பீடோமீட்டர் எல்லாம் அடுத்த வாரம். அதற்குள் தீர்க்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது. ஸ்டியரிங்கில் இருந்த லீவர் தரைக்கு வந்தால் மூன்று பேர் உட்காரும் முன் சீட் இரண்டு பேருக்கானதாகிவிடும். நடுவில் உட்கார்ந்தே வளர்ந்த பெண்கள் இருவர் எங்கள் வீட்டில் உண்டு; சீட்டைத் தொட்டால் பார்த்துக்கொள் என்று இப்போதே சொல்லிவிட்டார்கள்.

(தொடரும்)