வெட்டிய மரமும் வீணல்ல

2023ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கியூபெக் காடுகள் எரிந்தபோது ரொறன்ரோ வரை வந்த புகையை, அப்போது இங்கிருந்த எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். யன்னல்களைச் சாத்திவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தோம். மரம் வளரும்போது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை எடுத்துக் காபனைத் தன்னுள்ளே சேர்க்கிறது. காய்ந்த மரத்தின் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன்தான். எரிந்தாலும் உக்கினாலும் அது திரும்பவும் காற்றுக்கே போய்விடும்.

நட்டு வளர்த்த காடொன்றைப் பார்க்க விரும்புவோர் ஒட்டாவாவுக்குக் கிழக்கேயுள்ள லரோஸ் காட்டுக்குப் போய்வரலாம். மரங்களை வெட்டிப் பயிர் செய்து, மண் கெட்டு, மணல் பறந்த வெளி அது. 1928இல் ஃபேர்டினான்ட் லரோஸ் என்ற விவசாய நிபுணர் அங்கே மரம் நடத் தொடங்கினார். பெரும்பாலும் சிவப்புப் பைன். இன்று பத்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் காடு! நெருங்கி நிற்கும் மரங்களை இடையிடையே வெட்டியும் எடுக்கிறார்கள். நட்ட மரத்தை வெட்டலாமா என்று கேட்பீர்கள். ஊரில் நாற்றுமேடையில் கன்று கலைத்தவர்களுக்கு இது விளங்கும். வெளிச்சத்துக்கும் நீருக்கும் போட்டியிட்டு எல்லாமே மெலிவதிலும், சில மரங்கள் நன்றாகப் பருப்பது நல்லது.

வெட்டிய மரம் எங்கே போகிறது என்பதுதான் விஷயம். விறகானால் அன்றைக்கே புகை. கடதாசியானால் சில ஆண்டுகள். வீட்டுச் சட்டமானால் தலைமுறைகள் இருக்கும். கல்வீட்டில் வளர்ந்த நாம் "பலகை வீடு" என்று இளக்காரமாகப் பார்க்கும் இந்நாட்டு வீடுகள் அந்த வகையில் காபன் களஞ்சியங்களே. சீமெந்துக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போதோ காபனீரொட்சைட் வெளியேறுகிறது. மரவீட்டுக்கு எதிரி ஈரம். கூரையிலோ குழாயிலோ ஒழுக்குக் கண்டால் உடனே திருத்துங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

இன்னொரு வழி, புதைத்து வைப்பது. 2013இல் கியூபெக்கில், நிங் செங் என்ற விஞ்ஞானியின் குழு களிமண்ணுக்குள் இரண்டு மீற்றர் ஆழத்தில் சீடர் மரத்துண்டொன்றைக் கண்டெடுத்தது. வயது 3,775 ஆண்டுகள். அது இழந்த காபன் 5 வீதத்துக்கும் குறைவு என்று 2024இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் எழுதினார்கள். இறுகிய களி ஒட்சிசனை உள்ளே விடவில்லை. அதனால் மரத்தை உக்கவைக்கும் பங்கசுகளுக்கு அங்கே வாழ வழியில்லை.

நல்ல பலகை மரத்தை மண்ணுக்குள் போட எமக்கு மனம் ஒப்பவில்லை. ஆனால் புயலில் முறிந்ததும் பூச்சி அரித்ததும் காட்டில் கிடந்து தீக்கு இரையாவதைவிட, களிமண்ணுக்குள் கிடப்பது மேல்.