உப்பை வென்ற மரமும் உப்பில் வாடும் நெல்லும்

"இந்த இலையை ஒரு தரம் நாக்கிலே வச்சுப் பாருங்க, தம்பி" என்றார் படகோட்டி.

அரியாங்குப்பம் ஆறு கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று மேற்கே, தேங்காய்த்திட்டின் ஓரமாகப் படகு நின்றிருந்தது. கரையெல்லாம் அலையாத்திக் கூட்டம். சேற்றிலிருந்து விரல் விரலாக மூச்சு வேர்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் பறித்துக் கொடுத்த இலையில் பொடிப்பொடியாக ஏதோ வெள்ளையாக ஒட்டியிருந்தது. நாக்கில் வைத்தேன். சந்தேகமே இல்லை, உப்பு!

"வேருலே குடிக்கிற உப்பை இலையிலே துப்பிடும். அதனாலேதான் இது சாகிறதில்லை" என்று சிரித்தார் அவர்.

பள்ளிக்கூடத்துத் தாவர சாஸ்திரப் புத்தகம் ஒரு முழுப் பக்கத்தில் சொல்வதை அவர் இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். அந்த மரத்துக்கு வெண்கண்டல் என்று பெயர். விஞ்ஞானிகள் 'அவிசென்னியா மரீனா' என்கிறார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் காலை நனைத்துக்கொண்டு இந்த மரம் பூக்கிறது, காய்க்கிறது, குஞ்சு மீன்களுக்கு நிழலும் தருகிறது.

அன்று பிற்பகலே நான் பார்த்த இன்னொரு காட்சி வேறு விதமானது.

வயலில் ஒரு கேள்வி

கடலூர்ச் சாலையில் கிருமாம்பாக்கத்தைத் தாண்டி, கடல் பக்கமாக ஒரு சிறு நெல் வயல். வயதான விவசாயி ஒருவர் நாற்றங்காலைக் காட்டினார். நாற்றின் நுனியெல்லாம் கருகி, தீயில் வாட்டியதுபோல் இருந்தது.

"எங்க அப்பா காலத்திலே கவலை கட்டி இறைச்ச கிணறு, தம்பி. தண்ணி இளநீர் மாதிரி இருக்கும். இப்ப போர் போட்டிருக்கு. தண்ணி வராமல் இல்லை, வருது. ஆனா உப்புக் கரிக்குது."

நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணீரை அளவுக்கு மீறி இறைத்தால், காலியான இடத்தைக் கடல் மெல்ல மெல்ல வந்து நிரப்புகிறது. புதுவைக் கரையோரம் மட்டுமல்ல, சோழமண்டலக் கரை நெடுகிலும் இந்தக் கதைதான். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தபோது காரைக்கால், நாகப்பட்டினம் பகுதிகளில் வயல்களுக்குள் கடல் நீர் புகுந்து நின்றதை மறந்திருக்க மாட்டோம். சுனாமி ஒரே நாளில் செய்ததை, மோட்டார் பம்பு பல ஆண்டுகளில் செய்கிறது.

உப்பு மிகுந்த மண்ணில் நெல்லுக்கு இரட்டைத் துன்பம். முதலாவது, மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை இழுத்துக் குடிக்க முடிவதில்லை. இரண்டாவது, உள்ளே புகுந்த உப்பிலுள்ள சோடியம், பயிரின் உடலுக்குள் நடக்கும் வேலைகளையெல்லாம் கெடுத்து விடுகிறது. நாற்றாக இருக்கும்போதும், பூக்கும்போதும் நெல் இதை அறவே தாங்காது.

ஒரே கடலோரம். ஒரே உப்பு. மரம் பிழைக்கிறது, பயிர் வாடுகிறது. மரத்தின் இரகசியத்தை நெல்லுக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? வேடிக்கையான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் இதே கேள்வியை எடுத்துக்கொண்டு நம் நாட்டு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். அந்தக் கதையின் முதல் ஏடுகள் இந்தப் புதுவையிலேயே இருக்கின்றன.

புதுவையின் பங்கு

பிரெஞ்சுக்காரர்கள் புதுவையில் செடிகளை நேசித்தவர்கள். 1826-ல் அவர்கள் தொடங்கிய தாவரத் தோட்டத்தில் இன்றும் நம் குழந்தைகள் விளையாடுகிறார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கே வந்திருந்த சொன்னரா என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளரின் பெயரைத்தான் 'சொன்னரேஷியா' என்ற அலையாத்தி இனம் தாங்கி நிற்கிறது.

1955-ல் புனித லூயி வீதியில் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் தோன்றியது. அங்கே பணிபுரிந்த பிரான்சுவா பிளாஸ்கோ, இந்தியாவின் அலையாத்திக் காடுகளைப் பற்றி விரிவான நூல் ஒன்றை 1975-ல் வெளியிட்டார். அதே நிறுவனத்தின் மகரந்த ஆராய்ச்சிக் கூடத்தில் இருந்தவர் கணபதி தணிகைமணி. சென்னையில் பிறந்த தமிழர். கண்ணுக்குத் தெரியாத மகரந்தத் தூளை வைத்து, இது இன்ன மரம் என்று சொல்லிவிடுவார். சேற்றின் அடியில் புதைந்து கிடக்கும் மகரந்தத்தைக் கண்டால், பல நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே எந்தக் காடு இருந்தது என்பதும் தெரிந்துவிடும். 1986 செப்டம்பர் 5-ம் தேதி, அமெரிக்காவுக்குச் சொற்பொழிவாற்றச் சென்று கொண்டிருந்தபோது, கராச்சியில் விமானத்தைக் கடத்தியவர்களின் வெறியாட்டத்துக்கு அவர் பலியானார். அலையாத்தி மகரந்தங்களைப் பற்றி அவர் எழுதிய நூல் மறு ஆண்டுதான் அச்சாகி வந்தது.

மரத்தின் பெயரையும் குலத்தையும் இவர்கள் எழுதி வைத்தார்கள். மரத்தின் உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கும் வேலை அடுத்த தலைமுறைக்கு வாய்த்தது.

உப்பு நாளில் திறக்கும் ஏடு

கும்பகோணத்தில் பிறந்த டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1988-ல் சென்னையில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தை ஏற்படுத்தினார். 2023-ல் மறைந்த அவர், கடல் மட்டம் உயரப் போகிறது, கரையோர விவசாயிக்கு உப்பைத் தாங்கும் பயிர் வேண்டும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே எண்ணி இந்த ஆராய்ச்சிக்கு வித்திட்டார். அங்கே டாக்டர் அஜய் பரிடாவும் அவருடைய தோழர்களும் வெண்கண்டலைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

உயிருள்ள ஒவ்வொன்றின் உடலிலும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழை இருக்கிறது. அதை ஒரு பெரிய சுவடிக் கட்டு என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒவ்வோர் ஏடும் ஒரு மரபணு. எல்லா ஏடுகளையும் மரம் எப்போதும் படித்துக்கொண்டிருப்பதில்லை. கல்யாணத்துக்கு ஒரு சுவடி, காய்ச்சலுக்கு ஒரு சுவடி என்று நம் பாட்டனார் எடுப்பாரே, அதுபோலத்தான். ஆகவே விஞ்ஞானிகள் கன்றுகளுக்கு உப்பு நீர் கொடுத்தார்கள். அந்த வேளையில் எந்தெந்த ஏடுகள் பிரிக்கப்பட்டிருக்கின்றன என்று பார்த்துப் பிரதி எடுத்தார்கள். இப்படிச் சேர்ந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட துணுக்குகளைப் பற்றிய விவரம் 2005-ல் வெளியாயிற்று.

டி.என்.ஏ. ஆராய்ச்சி இன்னொரு வேடிக்கையையும் காட்டியது. நம் பெண்கள் தலையில் சூடும் கனகாம்பரமும், சேற்றில் நிற்கும் வெண்கண்டலும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தாவர சாஸ்திரிகள் இப்போது வகுத்திருக்கிறார்கள்!

செடிகளில் ஒரு வெள்ளெலி

ஏட்டைக் கண்டுபிடித்துவிட்டால் போதுமா? அது என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். மரத்தில் சோதித்தால் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மருந்தை முதலில் எலிக்குக் கொடுத்துப் பார்ப்பதுபோல, தாவர விஞ்ஞானிகளுக்கும் ஒரு 'வெள்ளெலி' தேவைப்பட்டது.

உலகம் முழுவதும் அவர்கள் தேர்ந்தெடுத்தது கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு சிறு களை. பெயர் அரபிடாப்சிஸ். சாப்பிட உதவாது, மாட்டுக்கும் பிரயோஜனமில்லை. ஆனால் விதைத்த ஆறு வாரத்தில் மறுபடி விதை தந்துவிடும். ஒரு சாண் இடத்தில் நூற்றுக்கணக்கில் வளர்க்கலாம். தாவர உலகத்திலேயே முதன்முதலாக மரபணுத் தொகுப்பு முழுவதும் படிக்கப்பட்ட பெருமை, 2000 டிசம்பரில், இந்தச் சின்னச் செடிக்கே கிடைத்தது.

உப்பைப் பற்றிய பெரிய உண்மை ஒன்றும் இதிலிருந்துதான் வெளிப்பட்டது. 1990-களில் அமெரிக்காவில் ஜியான்-காங் சூ என்ற விஞ்ஞானி, உப்பைத் தாங்கும் செடியைத் தேடவில்லை. மற்றச் செடிகளைவிடச் சீக்கிரம் உப்பில் வாடிப்போகும் செடியைத் தேடினார். கடிகாரத்தில் ஒரு பல்சக்கரம் உடைந்து கடிகாரம் நின்றால்தானே அந்தச் சக்கரத்தின் வேலை புரிகிறது? அப்படிப் பழுதான செடிகளை ஆராய்ந்தபோது, சோடியத்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு பம்பை அமைக்கும் மரபணு அகப்பட்டது.

நம் நாட்டில் இன்னொரு வெள்ளெலியும் கைகொடுத்தது. அதுதான் புகையிலை. இலையில் ஒரு துண்டை வெட்டி வைத்தால் முழுச் செடியாக வளர்ந்துவிடும் என்பதால் சோதனைக்கு இது மிகவும் தோது. நாம் நாள்தோறும் சபிக்கிற சீமைக்கருவேல மரத்திலிருந்து ஒரு மரபணுவை எடுத்துப் புகையிலையில் சேர்த்தபோது, அது வறட்சியைக் கூடுதலாகத் தாங்கியதைச் சென்னை விஞ்ஞானிகள் 2010-ல் எழுதினார்கள்.

கள்ளத்தோணியில் நல்ல சரக்கு

ஒரு செடியின் மரபணுவை இன்னொன்றுக்கு எப்படிக் கொண்டு போகிறார்கள்? மண்ணில் அக்ரோபாக்டீரியம் என்று ஒரு நுண்ணுயிர் இருக்கிறது. செடியின் காயத்தில் நுழைந்து, தன் மரபணுக்களில் சிலவற்றைச் செடிக்குள் கடத்திக் கட்டியை உண்டாக்குவது அதன் பிழைப்பு. விஞ்ஞானிகள் கெட்ட சரக்கை இறக்கிவிட்டு, தங்களுக்கு வேண்டிய சரக்கை ஏற்றி அதே தோணியை அனுப்புகிறார்கள்.

அப்படி வெண்கண்டலிலிருந்து நெல்லுக்குப் போனவற்றில் ஒன்று, செம்பும் துத்தநாகமும் கலந்த ஒரு நொதியை உண்டாக்கும் மரபணு. உப்பினால் தவிக்கும் செடிக்குள் பிராண வாயுவே விஷமாக மாறித் தீப்பொறிபோல் செல்களைச் சுடும். அந்தப் பொறியை அணைக்கும் முதல் ஆள் இந்த நொதி. 2008-ல் வெளியான சோதனையில், இந்த மரபணு சேர்ந்த பாஸ்மதி நெல்லையும் சாதாரண நெல்லையும் லிட்டருக்கு ஏறக்குறைய ஒன்பது கிராம் உப்புக் கலந்த நீரில் வளர்த்தார்கள். எட்டு நாள் முடிவில் சாதாரண நாற்று வாடிவிட்டது. அலையாத்தியின் மரபணுவைப் பெற்ற நாற்று தாக்குப் பிடித்தது.

எட்டு நாளும் நூறு நாளும்

இதைக் கேட்டவுடன் துள்ளிக் குதிக்கத் தோன்றும். பொறுக்க வேண்டும். சோதனைச் சாலையில் எட்டு நாள் நிற்பது வேறு. வயலில் நூறு நாளுக்கு மேல் நின்று கதிர் தள்ளி மணி பிடிப்பது வேறு. உப்பைத் தாங்குவது ஒரே மரபணுவின் வேலையும் அல்ல. வெண்கண்டலின் வேர் வடிகட்டுகிறது, இலை துப்புகிறது, உடல் சமாளிக்கிறது. பல கைகள் சேர்ந்து இழுக்கும் தேர் அது. அதோடு, வேற்று இனத்தின் மரபணுவைச் சேர்த்த நெல் எதுவும் நம் நாட்டில் சாகுபடிக்கு அனுமதிக்கப்படவில்லை. உண்ணும் சோற்றில் இது நல்லதா, விதை யார் கைக்குப் போகும் என்ற கேள்விகளை ஜனங்கள் எழுப்புவது நியாயமே. அவற்றுக்கு விஞ்ஞானிகளும் சர்க்காரும் பொறுமையாகப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

இதற்கிடையே இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. வெளியிலிருந்து எதையும் சேர்க்காமல், நெல்லின் சொந்த ஏட்டிலேயே ஓர் எழுத்தைத் திருத்துவது. அப்படி டில்லியில் உருவாக்கிய 'பூசா டி.எஸ்.டி. நெல் 1' என்ற ரகம், வறட்சியையும் உப்பையும் தாங்கும் என்று 2025 மே மாதம் மத்திய சர்க்காரால் அறிவிக்கப்பட்டது. அதன் சோதனை விவரங்கள் போதாது என்று குறை கூறுவோரும் உண்டு.

நம் முன்னோர்களும் சும்மா இருக்கவில்லை. கேரளத்துக் காயலோரத்தில் பொக்காளி, நம் கரையில் குழியடிச்சான், களர்ப்பாலை என்று உப்பு நிலத்து நெல் ரகங்களை அவர்கள் தேர்ந்து காப்பாற்றியிருக்கிறார்கள். பொக்காளியின் உப்புத் தாங்கும் பகுதி எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, சாதாரண ஒட்டுச் சேர்க்கை மூலமே அதிக விளைச்சல் ரகங்களில் சேர்க்கவும் வழி கண்டிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் கிருமாம்பாக்கத்துப் பெரியவரிடம் என்னால் முடிந்த வரையில் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். பிறகு கருகிய நாற்று ஒன்றைப் பிடுங்கிக் கையில் உருட்டிக்கொண்டே சொன்னார்:

"நல்ல காரியந்தான், தம்பி. படிச்சவங்க செய்யட்டும். ஆனா அந்த விதை என் கைக்கு வர்றதுக்குள்ளே என் கிணறே கடலாயிடக் கூடாது, பாருங்க."

இதற்கு விஞ்ஞானி மட்டும் பதில் சொல்ல முடியாது. ஏரிகளைத் தூர் வாருவதும், கரையோரத்தில் இறைப்பைக் கட்டுப்படுத்துவதும் நம் எல்லோருடைய வேலை. அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அரியாங்குப்பம் ஆற்றில் நான் போன அன்று, மூச்சு வேர்களுக்கு இடையே பிளாஸ்டிக் பைகளும் பாட்டில்களும் சிக்கிக் கிடந்தன. உப்பை வெல்லும் வித்தை எழுதிய சுவடி அது. இன்னும் பாதிகூடப் படித்து முடியவில்லை. அதற்குள் அதைக் குப்பைத் தொட்டி ஆக்கிவிட்டால், நாளைக்கு நெல்லுக்குப் பாடம் சொல்ல யார் இருப்பார்கள்?