89 பேரில் 11 பேர்

தொழில்நுட்பத் துறையில் பெண்கள் குறைவு, குறைவு என்று மாநாட்டுக்கு மாநாடு புலம்புகிறார்களே, கணக்கு எங்கே? 2013 அக்டோபரில் பின்ட்ரெஸ்ட் நிறுவனப் பொறியாளர் ட்ரேசி சௌ எழுப்பிய கேள்வி இது. தன் வீட்டுக் கணக்கை அவரே முதலில் போட்டுடைத்தார்: 89 பொறியாளர்களில் பெண்கள் 11 பேர். யாரும் விவரம் சேர்க்கலாம் என்று ஓர் அட்டவணையையும் பொதுவில் வைத்தார். மற்ற நிறுவனங்களின் பொறியாளர்களும் தத்தம் எண்களோடு வந்து சேர்ந்தார்கள்.

அதுவரை இது பூட்டிய பெட்டி. ஊழியர்களின் இன, பாலின விவரத்தைப் பெரிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் அமெரிக்க அரசுக்குத் தந்தாக வேண்டும். கலிஃபோர்னியப் பத்திரிகை ஒன்று அதைக் கேட்டபோது கூகுளும் ஆப்பிளும் வியாபார ரகசியம் என்று மறுத்தன. ஆள் கணக்கில் அப்படி என்ன ரகசியமோ!

2014 மே மாதம் கூகுளே பெட்டியைத் திறந்தது. தொழில்நுட்ப வேலைகளில் பெண்கள் 17 சதவீதம். அமெரிக்க ஊழியர்களில் கறுப்பினத்தவர் 2 சதவீதம், ஆசியர் 30. அந்த ‘ஆசியர்’ கட்டத்துக்குள் நம்மவர்களும் அடக்கம். சாதிக்கென்று தனிக் கட்டம் கிடையாது. பணியிடங்களில் சாதிப் பாகுபாட்டை அமெரிக்காவின் சியாட்டில் நகரம் தடைசெய்ததே 2023இல்தான்.

கல்லூரியிலிருந்தே ஆட்கள் வருவதில்லை என்பது நிறுவனங்களின் வழக்கமான பதில். குழாயில் தண்ணீரே வராதபோது குடத்தைக் குறை சொல்லலாமா என்கிற வாதம். பாதி உண்மை. ஆனால் 1984 வாக்கில் அமெரிக்காவில் கணினி அறிவியல் பட்டம் பெற்றவர்களில் சுமார் 37 சதவீதம் பெண்கள்; பிறகு அது 20க்கும் கீழே இறங்கியது. அதே காலத்தில் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்கள் பெருகினார்கள். பெண்களின் இயல்பே காரணம் என்றால், அந்த இயல்பு முப்பது ஆண்டுகளில் எப்படி மாறியது? 2017இல் உயிரியல் வேறுபாடும் ஒரு காரணமாகலாம் என்று குறிப்பெழுதிய கூகுள் பொறியாளர் ஜேம்ஸ் டாமோர் வேலையிழந்தார். கருத்துச் சொன்னதற்குத் தண்டனையா என்று பெரும் கூச்சல் எழுந்தது. இயல்பு எப்படி மாறியது என்பதற்கு மட்டும் பதில் வரவில்லை.

யார் உருவாக்குகிறார்கள் என்பது பொருளிலும் தெரியும். எம்ஐடி மாணவி ஜாய் புவோலம்வினி கேமரா முன் உட்கார்ந்தார். முகம் கண்டறியும் மென்பொருள் அவருடைய கறுத்த முகத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. வெள்ளை முகமூடி ஒன்றை எடுத்து மாட்டினார், உடனே கண்டுகொண்டது. பிறகு டிம்னிட் கெப்ருவுடன் சேர்ந்து, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று நிறுவனங்களின் மென்பொருள்களைச் சோதித்தார். முடிவு 2018இல் வெளியானது: வெளிர்நிற ஆண்களிடம் பிழை 1 சதவீதத்தைத் தாண்டவில்லை, கறுத்த பெண்களிடம் 34.7 வரை போனது.

இப்போது காற்று திசைமாறிவிட்டது. 2025 ஜனவரியில் மெட்டா, பல தரப்பினரையும் வேலையில் சேர்க்கும் தன் பன்மைத்துவத் திட்டங்களுக்கு மூடுவிழா நடத்தியது. அடுத்த மாதம் கூகுள் ஆளெடுப்பு இலக்குகளைக் கைவிட்டது. அதே பிப்ரவரியில், இத்தகைய திட்டங்களைக் கைவிடச் சொல்லும் தீர்மானம் ஆப்பிள் பங்குதாரர்கள் முன் வந்தது. ஆனால் பெரும்பான்மை வாக்கில் அது தோற்றது.