புதுக் காரும் தீராத பழுதும்

நேயர்களே, தோட்டத்திலிருந்து வந்து ஜெலுத்தோங்கில் குடியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். பல ஆண்டுச் சேமிப்பை முன்பணமாகக் கட்டிப் புதுக் கார் வாங்குகிறார்கள். இரண்டாம் மாதமே வழியில் இயந்திரம் நின்றுவிடுகிறது. பட்டறையில் சரிசெய்து தருகிறார்கள்; மீண்டும் அதே பழுது. மூன்றாம் முறை, "எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது" என்று பதில் வருகிறது. மாதத் தவணையோ நிற்பதில்லை. இந்நிலையில் நாம் என்ன செய்யலாம்?

முதலில், கோபத்தில் தவணையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் காரையே இழக்க நேரலாம்.

அடுத்து, பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நாள், ஓடிய கிலோமீட்டர், பழுதின் விவரம் ஆகியவற்றை வேலைச் சீட்டில் எழுதச் சொல்லி நகல் வாங்குவோம். விற்றவருக்கும் பதிவு அஞ்சலில் கடிதம் அனுப்புவோம்.

பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1999, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. நியாயமான காலத்துக்குள் விற்றவர் பழுதை நீக்காவிட்டால், வேறிடத்தில் சரிசெய்து செலவைக் கேட்கலாம். அல்லது பொருளைத் திருப்பித் தரலாம். ஆனால் காலம் கடத்தினால் திருப்பித் தரும் உரிமை போய்விடும்.

பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை, 3 ஆண்டுகளுக்குள் கோரிக்கை வைக்கலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. வழி தெரியாதவர்கள், 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இங்கே எழுதி வைத்த பிள்ளைக்குத்தான் பால்!