தேர் யாருடையது? ஜெர்மனியில் காப்பீடு இல்லாத கார்

2004 ஆகஸ்ட் 26 அன்று, ஜெர்மனியின் கும்மர்ஸ்பாக் அருகே ஏ4 நெடுஞ்சாலையிலுள்ள வீல்டால் பாலத்தில் ஒரு கார் எரிபொருள் டாங்கர் லாரி மீது மோதியது. சுமார் 32,000 லிட்டர் எரிபொருளுடன் லாரி பாலத்திலிருந்து கீழே விழுந்து எரிந்தது. அதன் ஓட்டுநர் இறந்தார். தீயில் பாலமும் சேதமடைந்தது. மொத்த இழப்பு சுமார் 3 கோடி யூரோ என்று மதிப்பிட்டார்கள். காரை ஓட்டியவரிடம் உரிமம் இல்லை.

இது மிக அரிதான விபத்துதான். ஆனால் ஒரு நொடியில் எவ்வளவு பெரிய கடன் உருவாகலாம் என்பதை இது காட்டுகிறது. அந்த நொடியில் காருக்குக் காப்பீடு இல்லையென்றால் என்ன ஆகும்?

மனுநீதிச் சோழன் கதை நமக்குத் தெரியும். கன்று தானாகத் துள்ளி வந்து தேர்க்காலில் விழுந்தது. இளவரசன் வேண்டுமென்று ஏற்றவில்லை. ஆனாலும் மன்னன் மகனைத்தான் தண்டித்தான். ஜெர்மானியச் சட்டம் அங்கே முதலில் 'தேர் யாருடையது?' என்றுதான் கேட்டிருக்கும். வாகனத்தை வைத்திருப்பவருக்கு இங்கே 'ஹால்ட்டர்' என்று பெயர். தன் மேல் தவறே இல்லாவிட்டாலும், வண்டி ஓடியதால் விளைந்த சேதத்துக்கு அவர் பொறுப்பு. இயற்கைச் சீற்றம் போன்ற காரணம் இருந்தால் விலக்கு உண்டு. ஓட்டியவரும் பொறுப்பாளிதான். தன் மேல் தவறில்லை என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். தவறு இல்லாமலே வரும் பொறுப்புக்குச் சட்டம் ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது: உயிரிழப்புக்கும் காயத்துக்கும் 50 லட்சம் யூரோ, பொருட்சேதத்துக்கு 10 லட்சம். கவனக்குறைவு நிரூபணமாகிவிட்டால் பொதுக் குடிமைச் சட்டப்படி அந்த வரம்பும் இல்லை.

அதனால்தான் 'ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட்' எனப்படும் பொறுப்புக் காப்பீடு இங்கே கட்டாயம். 1940 முதல் இதுதான் நிலை. காப்பீடு இல்லாமல் ஓட்டுவது அபராதச் சீட்டோடு முடிகிற விஷயம் அல்ல. அது ஒரு குற்றம். ஓராண்டு வரை சிறை, அல்லது நாள் வருமானத்தின் அடிப்படையில் அபராதம். தெரிந்தே வண்டியை நண்பருக்குக் கொடுத்தவருக்கும் இதே தண்டனைதான். 90 நாள் வருமானத்துக்கு மேல் அபராதம் போனால், குடியுரிமை கேட்கும்போதும் அது குறுக்கே நிற்கும்.

காப்பீடு இல்லாமல் வண்டியைப் பதிவு செய்யவே முடியாதே, பிறகு எப்படி இந்த நிலை வருகிறது? பெரும்பாலும் தபால் பெட்டி வழியாகத்தான். பிரீமியம் வங்கியில் திரும்பிவிடும். நிறுவனம் குறைந்தது இரண்டு வாரக் கெடு கொடுத்துக் கடிதம் அனுப்பும். அந்தக் கெடு தாண்டியதும் பாதுகாப்பு போய்விடுகிறது. வீடு மாறியதை நாம் தெரிவிக்காமல் இருந்தால், கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பிய பதிவுத் தபால் மூன்று நாளில் நம் கைக்கு வந்ததாகவே சட்டம் கொள்ளும். வேலை மாறி முனிச்சுக்கும் ஃபிராங்க்ஃபர்ட்டுக்கும் அலைகிற நம்மவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சரி, அடிபட்டவர் கதி? அவரைச் சட்டம் கைவிடுவதில்லை. காப்பீடு முடிந்ததை நிறுவனம் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்த பிறகும், ஒரு மாதம் வரை நடக்கும் விபத்துகளில் அடிபட்டவருக்கு அதே நிறுவனம்தான் பொறுப்பு. அதற்கும் பிறகு என்றால், விபத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் நடத்தும் 'ஃபெர்கேர்ஸ்ஓப்ஃபர்ஹில்ஃபே' என்ற நிதியம் ஈடு தரும். ஆனால் இருவருமே கொடுத்ததைக் காரோட்டியிடம் திரும்பக் கேட்பார்கள். குடித்துவிட்டு இடித்தவரிடம்கூட அவருடைய காப்பீட்டு நிறுவனம் பொதுவாக 5,000 யூரோவுக்கு மேல் திரும்பக் கேட்க முடியாது. பிரீமியம் கட்டாதவருக்கு அந்தச் சலுகை இல்லை, முழுத் தொகையும் அவர் தலையில். நீதிமன்றம் உறுதிசெய்த கடனை 30 ஆண்டுகள் வரை வசூலிக்கலாம். பிழைப்புக்கென்று சட்டம் ஒதுக்கும் பகுதி போக, மீதிச் சம்பளம் மாதாமாதம் பிடித்தமாகும். முப்பத்தைந்து வயதில் இப்படி ஒரு கடன் விழுந்தால், அது ஓய்வு பெறும் வயது வரை கூடவே வரலாம்.

எனவே பழைய கார் வாங்கினாலும் சரி, வீடு மாறினாலும் சரி, வங்கிக் கணக்கை மாற்றினாலும் சரி, காப்பீட்டு நிறுவனத்துக்கு அன்றே ஒரு வரி எழுதிப் போடுங்கள். நண்பரின் காரை ஓட்டக் கேட்கும்போது, சாவியோடு 'காப்பீடு நடப்பில் இருக்கிறதா?' என்றும் கேளுங்கள். நல்ல நண்பர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.