கள்ளிக்குக் கொண்டை முளைத்தால்

நெய்க்காரப்பட்டியில் எங்கள் தெரு அத்தை டீ டம்ளரோடு ஒரு தொட்டியையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நர்சரியில் வாங்கும்போது விரல்போல நேராக நின்ற கள்ளி. இப்போது அதன் உச்சி விசிறியாக விரிந்து, மடிப்பு மடிப்பாய்ச் சுருண்டிருந்தது.

“ஏங்கண்ணு, இது நோவுதானே? மத்த தொட்டிக்குப் பரவுறதுக்குள்ள தூக்கிப் போட்டுரலாமா?”

“போட்டுராதீங்க அத்தை” என்றேன். அவரிடம் சொன்னதுதான் இது.

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கோழிக்கொண்டை பார்த்திருப்பீர்கள். அதற்கு நடந்ததுதான் இந்தக் கள்ளிக்கும் நடந்திருக்கிறது. செடி வளர்வது நுனியில். அந்த நுனி ஒரு புள்ளியாக இருக்கும்வரை தண்டு உருண்டையாக, நேராக மேலே போகும். புள்ளி அகன்று கோடாகிவிட்டால் தண்டு பட்டையாகும். இடம் போதாமல் மடியும். கோழிக்கொண்டையில் இது பூக்கொத்தில் நடக்கிறது, விதை வழியாக அடுத்த தலைமுறைக்கும் வருகிறது. கள்ளியில் எப்போதாவது ஒரு செடிக்கு வரும். நுனியில் அடிபட்டிருக்கலாம், பூச்சி கடித்திருக்கலாம், கிருமியோ மரபணு மாற்றமோ இருக்கலாம். பெரும்பாலும் காரணம் பிடிபடாது. அரிசோனா பாலைவனத்தில் நாற்பது அடி உயரம் நிற்கும் சாகுவாரோ கள்ளிக்கும் இந்தக் கொண்டை வருவதுண்டு. அதைப் பார்க்கவே ஆட்கள் தேடிப் போகிறார்கள்.

இதற்கு மருந்து வேண்டாம், கவனம் போதும். மடிப்புக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகும். அதனால் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள், அதுவும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு. கொண்டையின் ஓரத்தில் பழையபடி நேரான கிளை ஒன்று கிளம்பலாம். அது வேகமாக வளர்ந்து கொண்டையை அமுக்கிவிடும். சுத்தமான கத்தியால் அதை அடியோடு எடுத்துவிட்டு, வெட்டுவாய் காயும்வரை ஈரம் படாமல் வையுங்கள். அடித்தண்டு பழுப்பாகி மரப்பட்டைபோல இறுகினால் அது வயசு. தொட்டால் கொழகொழவென்று அமுங்கினால்தான் அழுகல். உச்சி வெளிறி ஊசிபோல நீண்டால் வெளிச்சம் போதவில்லை.

நிஜமாகவே பரவுவது வேறு. முள் அடியில் புதிதாக வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருந்தால் அது பெரும்பாலும் செடியின் வளர்ச்சி இல்லை, மாவுப்பூச்சி. தொட்டியைத் தனியே நிழலில் வைத்து, மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். ஒருமுறை துடைத்தால் போகாது, வாராவாரம் பார்க்க வேண்டும்.

வேலியோரச் சப்பாத்திக்கள்ளியில் அதேபோலப் பஞ்சைக் கண்டால் ஒன்றை நசுக்கிப் பாருங்கள். விரல் ரத்தச் சிவப்பானால் அது சாயப்பூச்சி. அந்தச் சிவப்புக்காகவே சென்னை சைதாப்பேட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்ததோ மட்டமான சாயம் தரும் இனம். ஆனால் அது ஒரு கள்ளி வகையைத் தின்றே அழித்தது. அந்தப் பூச்சிக்கு மசியாமல் காடுகரையெல்லாம் அடைத்துக்கொண்டது நம் சப்பாத்திக்கள்ளி. 1926-இல் இலங்கையிலிருந்து வேறொரு சாயப்பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகு, சில வருடங்களிலேயே அந்தக் கள்ளி அடங்கியது. உழவருக்கு அந்தப் பஞ்சுப்பூச்சி செய்த உபகாரம் பெரிது. வேலியில் கண்டால் விட்டுவிடுங்கள். தொட்டிப் பக்கம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டீ ஆறிப்போயிருந்தது. அத்தை தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தோட்டத்துச் சதுரக்கள்ளியிலயும் இப்பிடி ஒண்ணு விரிஞ்சிருக்கே, அதை வெட்டித் தொட்டியில நட்டுக்கலாமா?”

“நடலாம் அத்தை. ஆனா அது வேற குடும்பம், வெட்டுனா பால் வடியும். கண்ணுல பட்டா ஆபத்து. கையுறை போட்டுக்கங்க, பால் நின்னு வெட்டுவாய் காயறதுக்கு ஒரு வாரமாவது விட்டு மணல் கலந்த மண்ணுல வைங்க. நாளைக்குக் காலையில நானே வர்றேன், சேர்ந்து வெட்டலாம்.”